தண்ணீர் இறங்கிய ஆறு

கப்பலில் படப்பெட்டி வந்துவிட்டது என்று தகவல் வந்ததிலிருந்து இந்திராணிக்குக் கால் தரையில் பாவவில்லை. போர்ட் பிளேர் கல்லூரியின் நூலகம் அவள் பொறுப்பு. இந்தியாவின் பல பகுதி மக்களைக் காட்டும் டாகுமெண்டரிப் படங்கள் நூலகத்துக்கு வேண்டும் என்று பிரின்சிபாலை ஒரு வருஷமாக நச்சரித்தவளும் அவள்தான். நூலகத்துக்கு எதற்குச் சினிமா என்று ஸ்டாஃப் ரூமே சிரித்தது. சிரிக்கட்டும். இதே ஊரின் டெலானிபூர் பகுதியில் பிறந்து அங்கேயே வளர்ந்தவள் அவள். கடல் தாண்டி மெயின்லேண்டைக் கண்ணால் கண்டதில்லை, ரயிலைப் பார்த்ததில்லை. படிக்க வரும் பிள்ளைகளில் பாதிப் பேரும் அப்படித்தான்.

பிரின்சிபால் ராஜமாணிக்கம் மானாமதுரைக்காரர். நல்ல மனுஷர்தான், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார்.

"இங்க ஒரு தெருவுல நடந்தா வங்காளி, தெலுங்கு, மலையாளி, ராஞ்சிக்காரன்னு எல்லாரையும் பாத்துரலாம். இதுக்கு மேல படம் எதுக்கும்மா? பிள்ளைங்களுக்குப் புதுசா ஒண்ணும் இல்லைன்னா அதே கப்பல்ல திருப்பி அனுப்பிருவேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் படங்களை அனுப்பியவர்களும் எழுதியிருந்தார்கள். ஆக, படங்கள் தங்குவதும் போவதும் இன்றைய ஒரு காட்சியில் இருந்தது.

ஹாஸ்டல் கம்பளிகளை ஜன்னல்களில் தொங்கவிட்டு ஹாலை இருட்டாக்கியிருந்தார்கள். உட்கார இடமில்லாமல் பிள்ளைகள் மேஜை மேலெல்லாம் ஏறியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, புரொஜெக்டர் ஓட்ட வந்த லேப் அட்டெண்டர் மீரான் அவள் காதருகே குனிந்தான்.

"தங்கச்சி, சத்தம் வர்றதுக்குன்னு ஒரு சின்ன பல்பு இருக்குல்ல, அது உடைஞ்சு கெடக்கு. படம் ஓடும், பேசாது. புது பல்புக்கு அடுத்த கப்பல்தான்."

முன்வரிசையில் பிரின்சிபால், எழுந்து போகத் தயாராக, கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். இந்திராணி திரைக்கு முன்னால் போய் நின்றாள். அவரவர் ஊர் வரும்போது அவரவர் எழுந்து சொல்லுங்கள் என்று இந்தியில் அறிவித்துவிட்டாள். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது.

வந்தது நல்லதுக்குத்தான். வங்காளத்துக் குளத்தில் வலை விழுந்ததும் ஆபீஸ் கிளார்க் எழுந்து அந்த மீனின் ருசி வரைக்கும் சொன்னார். படகுப் போட்டி வந்தபோது ஒரு மலையாளிப் பெண் பெஞ்சின் மேல் நின்று துடுப்புப் போட்டே காட்டினாள். கைதட்டல் ஓயவில்லை. ஆனால் தெரிந்த ஆட்கள் தெரிந்த கதையைச் சொல்கிறார்கள் என்பதுபோல பிரின்சிபால் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

அடுத்தது தமிழ்நாடு. ஹால் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. "ஆப்கா முல்க், மேடம்" என்று யாரோ கத்தினார்கள். உங்கள் ஊராம். இந்திராணி குஷியாக எழுந்தாள்.

திரையில் இரண்டு கரைகளுக்கு நடுவே அகல மணல். அதில் ஜனங்கள் குறுக்கே நடந்துபோனார்கள்.

"இது ஆறு. இப்போ தண்ணி இறங்கியிருக்கு. சாயங்காலம் ஏறிடும்."

பிள்ளைகள் தலையாட்டினார்கள். அவர்கள் பார்த்த நீரோடையெல்லாம் கடலோடு ஏறி இறங்குவதுதானே. திரையில் பெண்கள் உட்கார்ந்து மணலைத் தோண்டினார்கள்.

"நண்டு பிடிக்கிறாங்க" என்றாள்.

பிரின்சிபால் குலுங்கிச் சிரித்தார். இந்திராணிக்கு முகம் எரிந்தது. போச்சு, பெட்டி கப்பலேறப் போகிறது. திரையிலோ ஒருத்தி குழிக்குள் கைவிட்டு, சிரட்டையில் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நண்டு பிடிக்க யாரும் குடம் கொண்டுபோவதில்லை. இந்திராணி உட்கார்ந்துவிட்டாள்.

சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்த பிரின்சிபால், தன்னோடு பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கண்டார். எல்லாரும் நண்டுக்காகக் காத்திருந்தார்கள். அவர் மெல்ல எழுந்தார்.

"அது குடிதண்ணி. எங்க வைகை. ஊத்துத் தோண்டி எடுக்கிறாங்க" என்று இந்தியில் சொன்னார்.

"தண்ணி எப்ப ஏறும் சார்?" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"மழை பெஞ்சாத்தான். சில வருஷம் வராது."

வராத ஆறா? அவ்வளவுதான், ஹால் கொந்தளித்துவிட்டது. ஆளாளுக்குக் கேள்வி. இன்னொரு தடவை போடுங்கள் என்று மேஜைகளைத் தட்டினார்கள். பிரின்சிபால் அந்த இரைச்சலுக்கு நடுவே இந்திராணியைப் பார்த்தார்.

"லைப்ரரி சீல் வச்சு அலமாரியில ஏத்தும்மா. ஒண்ணுகூடத் திரும்பப் போகக் கூடாது."

ஒரு வருஷம் காத்திருந்த வார்த்தை. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்தது. அழுகை அதற்கு மட்டுமல்ல. அவள் அப்பா ஜம்புலிங்கம் வைகைக்கரைப் பரமக்குடியிலிருந்து கப்பலேறி வந்தவர். இங்கே மழை கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டும்போதும் அண்டா, குடம், சொம்பு, டம்ளர் வரை முற்றத்தில் பரப்பி வைப்பார். அதைச் சொல்லிச் சொல்லியே வீட்டில் கேலி செய்வார்கள். அதிகம் கேலி செய்தது அவள்தான்.

வீட்டுக்குப் போகும்போதே மழை பிடித்துக்கொண்டது. அப்பா அண்டாவுக்குக் குனிவதற்குள் அவள் தூக்கிக்கொண்டு ஓடினாள். குடத்தை வைத்தாள், சொம்பை வைத்தாள், கடைசி டம்ளரையும் வைத்தாள். அப்பா விளங்காமல் பார்த்தார்.

"அப்பா, நாளைக்கு எங்க காலேஜுக்கு வாங்க. வைகை வந்திருக்கு."

கொட்டுகிற மழையில் அப்பா அப்படியே நின்றார்.

"தண்ணி இருக்கா?" என்று கேட்டார்.