பெயர் எழுதாத கல்யாணக் காட்

குகதாசனுக்குக் காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. கதிரையில் இருந்தார், எழும்பினார், பல்கனியில் நின்று கடற்கரை ரயிலைப் பார்த்தார், திரும்பி வந்து அந்தக் கல்யாண அழைப்புக் காட்டை மறுபடி கையில் எடுத்தார். அக்கா தவமலரின் மகள் சிவானிக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். காட் வந்துவிட்டது. ஆனால் உறையில் யார் பெயரும் இல்லை.

வினையைத் தேடிக்கொண்டவர் அவரேதான். வெள்ளவத்தையில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும், "பேர் எழுதாமல் ஒண்டு தாங்கோ, மடிச்சிடாதேங்கோ" என்று கேட்டு வாங்கிவிடுவார். கல்யாணக் காட், டியூஷன் நோட்டீஸ், ரயில் டிக்கெட், கோயில் திருவிழாத் துண்டு, எல்லாம் அவர் சேகரித்து ஒட்டிவைக்கும் அல்பங்களில் பளிச்சென்று இருக்கும். பேனை மை பட்ட காகிதம் அவருக்குப் பழுதான காகிதம். தனிக்கட்டையின் இந்தப் பைத்தியம் சொந்தக்காரர் எல்லாருக்கும் தெரியும்.

அப்படியென்றால் அக்கா அனுப்பியது அழைப்பா, அல்பத்துக்கான வெறும் தாளா?

கேட்கவும் வழியில்லை. மூன்று வருடமாகக் கதை பேச்சில்லை. அக்காவின் கணவர், அத்தான், இறந்த முப்பத்தோராம் நாள் காரியத்தில், அவருடைய படமும் பாட்டுகளுமாய் அச்சடித்த கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தை அக்கா அழுதுகொண்டே கையில் கொடுத்தாள். இந்த மனிதர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில எண்ணெய் பட்டிருக்கு, வேற ஒண்டு தாங்கோ" என்றார். வாயா அது! அக்கா வேறொன்றைக் கொடுத்தாள். அன்றோடு பேச்சு நின்றது.

கீழே இறங்கி, வாசல் காவலாளி ஷெல்டனை மூன்றாம் தடவையாகப் பிடித்தார்.

"அக்கா காட்டைத் தரேக்க என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லல்ல சேர். மேல போங்க எண்டேன். கொஞ்ச நேரம் லிஃப்ட்டையே பார்த்துக்கிட்டு நிண்டாங்க. பிறகு இதைத் தந்துட்டுப் போய்ட்டாங்க."

கொஞ்ச நேரம் நின்றாளாம். அவரை அலைக்கழிக்க அது போதும். பெருந்தெருவான காலி வீதி வரை நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். மண்டபத்தில் போய் நிற்க, "நீ ஏன் வந்தனி?" என்று அக்கா கேட்டுவிட்டால்? போகாமல் விட்டால் மிஞ்சியிருக்கிற ஒரே உறவும் போய்விடும். அவருக்குப் பயமாக இருந்தது. பஸ் தரிப்புக்குப் பக்கத்துக் கடையில் ஒரு பேனை வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடையைக் கட்டினார்.

கதவைத் திறந்தது அக்காதான். குசினியில் பணியாரம் பொரிகிற வாசம். குகதாசன் வாசலில் நின்றபடியே காட்டையும் பேனையும் நீட்டினார்.

"என்ன இது?"

"பேரை எழுதித் தாங்கோ அக்கா."

"எழுதினா உனக்குப் பழுதெல்லே? அதுக்குத்தானே எழுதாமல் விட்டனான்."

"அல்பத்துக்கு வேண்டாம். எனக்கு வேணும்."

அக்கா கையைத் துடைக்கவில்லை. எண்ணெய் விரல்களாலேயே உறையை வாங்கி, அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். வெள்ளைத் தாளில் எண்ணெய் ஊறிப் பரவியது. குகதாசன் பேனையின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

பிறகுதான் எழுதினாள். எண்ணெய் பட்ட இடத்தில் பேனை ஓடவில்லை. கொஞ்சம் தள்ளி எழுதினாள்: 'தம்பி குகனுக்கு.'

"விடிய அஞ்சு மணிக்கே வந்திடு," என்றாள். "மாப்பிள்ளை வீட்டுக்காரரை வாசலில நிண்டு கூப்பிட அத்தான் இல்லையெல்லே."