கதவக்கா

ஆளுயரப் பையொன்றைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு இரங்கல் கூடத்துக்குள் வந்தாள் பெரியவள். பை உள்ளே வருவதற்கு முன்னால் அதன் நாற்றம் வந்துவிட்டது. பழைய வேர்வை, ஈரத் தோல், பூஞ்சணம். பூச்செண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த கூடத்துக்காரர் மூக்கைத் தேய்த்தபடி நிமிர்ந்தார்.

"அம்மா, இது...?"

"என் தங்கச்சியோட ஆட்டச் சாமான். பெட்டிக்குப் பக்கத்துல வைக்கணும்."

"வைக்கலாம். ஆனா கொஞ்சம் வாடை..."

"அவ வாடைதானே. இன்னிக்கு ஒருநாள் பொறுத்துக்குங்க."

முகமூடியை எடுத்து வெளியே வைத்தாள். மெத்தை போல் பருத்த இரண்டு கால்கவசங்களைப் பெட்டிக்கு இடப்பக்கம் சாய்த்தாள். அங்கே சரியாக இல்லையென்று வலப்பக்கம் கொண்டுபோனாள். வலப்பக்கம் பூவை மறைத்தது. மறுபடி இடப்பக்கம்.

"போதும் விடுடி," என்றாள் அம்மா, முன்வரிசையிலிருந்து. "பார்க்கிற எனக்குத் தலை சுத்துது."

பெரியவளுக்குக் கை சும்மா இருந்தால் கண் நிறைந்துவிடும். அதனால் கைக்கு ஓயாமல் வேலை கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் பழைய பேச்சு ஒன்று உண்டு. சின்னவள் காலில் கத்தியைக் கட்டிக்கொண்டு ஓடுகிறாள், பெரியவள் காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு ஓடுகிறாள், எவள் முதலில் விழுகிறாள் பார்ப்போம் என்பார் அப்பா. அப்பா அதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். விழுந்தது சின்னவள். அதுவும் பனித்தளத்தில் இல்லை, மருந்துக்கடை வரிசையில். அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்க நின்றவள் அப்படியே சரிந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். செவ்வாய்க்கிழமை விழுந்தவள் வெள்ளிக்கிழமை விடிவதற்குள் போய்விட்டாள். முப்பத்தெட்டு வயசு. போகும்போது 'அக்கா' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் பெரியவளுக்கு இன்னும் ஆறவில்லை.

சின்னவள் ஐஸ் ஹாக்கி ஆடியவள். பொழுதுபோக்குக்கு அல்ல. நாட்டின் பெண்கள் அணியில் பதினோரு வருஷம் கோல்கீப்பராக இருந்து, இரண்டு வருஷத்துக்கு முன்புதான் விலகினாள். அந்த ஆட்டத்தில் பெண்களுக்குச் சோறு கிடைக்காது. பகலெல்லாம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அடுத்தவர் கையில் ஊசி குத்துவாள், பொழுது சாய்ந்ததும் பனித்தளத்துக்குப் போவாள். பெரியவளுக்குத் திரைச்சீலை தைக்கும் கடை. ஜன்னல் அளவைக் கொடுக்க வந்தவர்கள் தங்கையின் பெருமையை முழுக்கக் கேட்காமல் அங்கிருந்து நகர முடியாது. கடைக்குப் பெயர்ப்பலகையில் என்ன இருந்தால் என்ன, தெருவில் எல்லோருக்கும் அது 'ஹாக்கிக்காரி கடை'.

பெண்கள் ஆட்டத்தை டிவியில் காட்டுவது அபூர்வம். பதினோரு வருஷத்தில் நாலே தடவை. நாலு தடவையும் கடையில் தையலை நிறுத்திவிட்டுக் கூட்டம் சேர்த்தாள். வலைக்கு முன்னால் முகமூடியும் கவசமுமாக நின்ற உருவத்தைக் காட்டி, "அதோ, அவதான்!" என்பாள். கறுப்பு ரப்பர் வட்டு ஒன்று பறந்து வரும், உருவம் கையை நீட்டி அதைப் பிடிக்கும், கடையே கைதட்டும். அன்றைக்கே தங்கைக்குப் போன் போடுவாள்.

"எத்தனை தடுத்தேடி?"

"இருபத்தெட்டு தடுத்தோம்க்கா."

"அதென்ன தடுத்தோம், பிடிச்சோம்? பெரிய மகாராணி!"

சின்னவள் சிரிப்பாள். அதற்குமேல் பேச்சு வளராது. அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. வீட்டுக்கு வேண்டிய பேச்சையெல்லாம் பெரியவளே பேசிவிடுவாள்.

பத்தரை மணிக்கு அணி வந்தது. இருபது பெண்கள், எல்லோரும் ஒரே நிற கோட்டு. தலைமையில் கேப்டன், ஒல்லியாக, முன்பல் ஒன்று இல்லாமல். அவளுக்குப் பின்னால் தோள் அகன்ற ஒருத்தி, அழுது அழுது முகம் வீங்கி. வட்டை அவள் அடிக்கிற அடி அப்படி விழுமாம், 'சம்மட்டி' என்று பெயர். வாசலில் கோட்டைக் கழற்றும்போது இளம்பெண் ஒருத்தி பக்கத்தில் இருப்பவளிடம் சொன்னது பெரியவள் காதில் விழுந்தது.

"கதவக்கா பக்கத்துல நாமதான் நிக்கணும். அவங்க எப்பவும் நம்ம பக்கத்துலதானே நின்னாங்க."

கதவக்கா! பெரியவளுக்கு உடம்பு சிலிர்த்தது. எவ்வளவு பொருத்தமான பேர்! அவள் நின்றால் வலைக்குக் கதவு சாத்தின மாதிரிதானே? சட்டைப் பையிலிருந்து பேச்சுத் தாளை எடுத்தாள். ராத்திரியெல்லாம் அடித்து அடித்து எழுதிய தாள். ஓரத்தில் இன்னும் ரெண்டு வரி சேர்த்துக் கேப்டனிடம் நீட்டினாள்.

"எண்பத்தாறு மேட்ச்னு எழுதியிருக்கேன். கணக்கு சரியான்னு மட்டும் பாரும்மா."

கேப்டன் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"அக்கா, ஒரு நிமிஷம் வெளிய வர்றீங்களா?"

நடையில் கோட்டு மாட்டும் கம்பிகளுக்கு நடுவே நின்றார்கள். கேப்டன் தாளில் விரலை வைத்தாள். 'கதவு என்று அவளுக்குப் பேர் வைத்தார்கள். சாத்திய கதவு. அதைத் தாண்டி ஒரு வட்டு உள்ளே போனதில்லை.'

"இந்த வரி மட்டும் வேணாம்க்கா."

"ஏன்? பேர் தப்பா?"

"பேர் சரிதான். ஆனா அது சாத்தின கதவு இல்ல." கேப்டன் தாளிலிருந்து விரலை எடுத்தாள். "எங்க ஆட்டத்துல நாப்பது செகண்டுக்கு ஒருதடவை ஆள் மாறுவோம். பனியில இருக்கிறவங்க பெஞ்சுக்கு ஓடி வருவாங்க, பெஞ்சுல இருக்கிறவங்க இறங்குவாங்க. நடுவுல இடுப்பு உயரத்துக்கு ஒரு கதவு. ரெண்டாவது கோல்கீப்பர் பக்கத்துல நின்னு அதைத் தொறந்து விடுவாங்க."

"ரெண்டாவதுன்னா?"

"முதல் கோல்கீப்பருக்கு அடிபட்டா இறங்கறதுக்கு ஒருத்தர் வேணும்ல. முழு உடுப்போட பெஞ்சுல இருக்கணும்."

பெரியவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததைக் கையால் தள்ளிவிடப் பார்த்தாள். "சில மேட்ச்ல அப்படி இருந்திருப்பா."

"எண்பத்தாறு மேட்ச்சுக்கு உடுப்பு போட்டாங்க. இறங்கினது ஒண்ணுலதான். ஆறு கோல்ல தோத்துக்கிட்டிருந்தோம். கடைசி இருபது நிமிஷம்."

"எத்தனை தடுத்தா?"

"மூணு விட்டாங்க."

"அப்ப டிவியில நின்னது?"

கேப்டன் கண்ணாடித் தடுப்பு வழியாகக் கூடத்துக்குள் காட்டினாள். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒடிசலாக ஒருத்தி நின்று, எதையும் தொடாமல், கால்கவசங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினோரு வருஷம்! எதுக்கு இருந்தா? கழுத்தப் புடிச்சா நிறுத்தி வெச்சீங்க?"

"நான் கேட்டிருக்கேன்க்கா. 'வேற எங்க இத்தனை பேர் என்னைப் பார்த்து ஓடி வருவாங்க'ன்னு சிரிச்சாங்க." கேப்டனின் குரல் உடைந்தது. "எட்டு வருஷமா ஆடுறேன். மூச்சு முட்டி, கண்ணு தெரியாம வந்து விழுவேன். கதவு தொறந்திருக்கும். அவங்க இருந்தவரைக்கும் ஒருநாள்கூட நான் அதைக் கையால தொட்டதில்ல. இப்ப இருக்கிற பொண்ணு அரை செகண்டு லேட். அதுலயே கோல் வாங்குறோம்."

பெரியவள் வாகனங்கள் நிறுத்துமிடத்துக்குப் போனாள். கார்களை ஒரு சுற்று சுற்றினாள், இன்னொரு சுற்று சுற்றினாள். பாவி, ஏமாத்திட்டாளே! ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கவிட்டு வேடிக்கை பார்த்தாளே! மூன்றாவது சுற்றில் கால் நின்றது. எங்கே ஏமாற்றினாள்? தடுத்தோம் என்றாள். பிடிச்சோம் என்றாள். தோத்தோம் என்றாள். ஒருநாளாவது 'தடுத்தேன்' என்று அவள் வாயில் வந்ததுண்டா? மகாராணி என்று கேலி செய்ததுதான் மிச்சம். அவள் அட்சரம் பிசகாமல் உண்மையைச் சொல்லியிருக்கிறாள், கேட்கிற காதுதான் இந்தப் பக்கம் இல்லை. நடுரோட்டில் அறை வாங்கியது போல் கன்னம் எரிந்தது. யாரோ ஒருவரின் கார் மேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதாள்.

திரும்பி வந்தபோது கேப்டன் அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"அம்மாவுக்கு எழுபத்திமூணு வயசு," என்றாள் பெரியவள். "பொண்ணு நாட்டுக்காக வலையில நின்னவங்கிற ஒரு பெருமைதான் அவங்களுக்கு இருக்கு. இன்னிக்குப் போய் அதையும் பிடுங்கணுமா?"

"எழுதினதையே படிங்கக்கா. நாங்க யாரும் மூச்சு விடமாட்டோம். எல்லாரும் தலையாட்டுவோம்."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட சொன்னே?"

"அவங்க உள்ள படுத்திருக்காங்க. அவங்க முன்னாடி நாங்க இருபது பேரும் பொய்க்குத் தலையாட்டணும்." கேப்டன் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "ஆட்டுவோம். உங்க இஷ்டம்."

பதினோரு மணிக்குக் கூடம் நிறைந்தது. கடை வாடிக்கையாளர்கள் மட்டும் முப்பது பேர். கூடத்துக்காரர் தலையசைத்ததும் பெரியவள் மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். தாளை விரித்தாள். முன்வரிசையில் அம்மா முதுகை நிமிர்த்திக்கொண்டாள், பரிசு வாங்கப் போகிற பிள்ளையைப் பார்க்கிற முகத்தோடு. அந்த முகத்தைப் பெரியவள் பார்த்தாள். தாளை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"என் தங்கச்சி பதினோரு வருஷம் நாட்டு அணியில இருந்தா. எண்பத்தாறு மேட்ச்சுக்கு உடுப்பு போட்டா."

அம்மா தலையாட்டினாள்.

"ஆடினது இருபது நிமிஷம்."

அம்மாவின் தலை நின்றது.

"அதுல மூணு கோல் விட்டா. மத்த நாளெல்லாம் பெஞ்சுல நின்னு கதவு தொறந்துவிட்டா. டிவியில நான் உங்களுக்கெல்லாம் காட்டினது அவளை இல்ல. அதோ, அந்தப் பொண்ணு." முப்பது வாடிக்கையாளர்களும் திரும்பினார்கள். ஒடிசல் பெண் தரையைப் பார்த்தாள். "எனக்கு இது இன்னிக்குக் காலையிலதான் தெரியும். அவ மறைக்கல. நான் கேக்கல. நான் பேசிக்கிட்டே இருந்தேன், அவ எங்க சொல்லுவா?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அவ கதவு ஒருநாளும் லேட்டாத் தொறக்கலையாம். இனிமே கடைக்கு வர்றவங்ககிட்ட நான் இதைத்தான் சொல்லப்போறேன்."

கைதட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கோ ஒரு இருமல் கேட்டது. அப்போது அம்மா பேசினாள். அழவில்லை. வீட்டில் அடுப்படியிலிருந்து கேட்பது போலக் கேட்டாள், கூடம் முழுக்கக் கேட்டது.

"அப்ப அந்தக் காயமெல்லாம்?"

"எந்தக் காயம்மா?"

"தோள்ல, விலாவுல, தொடையில. கையகலத்துக்குக் கத்தரிக்காய் நிறத்துல வீங்கியிருக்கும். உன்கிட்ட காட்ட மாட்டா, நீ கத்துவேன்னு. ஞாயித்துக்கிழமை தவறாம நான்தானே தைலம் தேய்ச்சுவிட்டேன். பதினோரு வருஷம் தேய்ச்சிருக்கேன். மேட்ச் ஆடலேன்னா அதெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

பெரியவள் திரும்பிக் கேப்டனைப் பார்த்தாள். கேப்டன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வரிசையில் நாற்காலி ஒன்று தரையைக் கீறியது. சம்மட்டி எழுந்தாள்.

"நான் அடிச்சதும்மா," என்றாள்.

அம்மா திரும்பினாள்.

"பயிற்சி முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்க. முதல் கோல்கீப்பருக்கு மறுநாள் மேட்ச் இருக்கும், அவளை நிறுத்த விடமாட்டாங்க. எனக்கு அடிச்சுப் பழகணும். 'இன்னும் நூறு அடிக்கணும், வலையில நிக்கிறியாக்கா'ன்னு கேப்பேன். வேலைக்குப் போயிட்டு வந்த களைப்புல இருப்பா. நிப்பா."

அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். "நானும்தாம்மா."

கேப்டன் எழுந்தாள். அவளால் பேச முடியவில்லை, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். பின்வரிசையில் நாலு பேர். வாசலில் கதவக்கா என்று சொன்ன அந்த இளம்பெண். ஒவ்வொரு நாற்காலியாகக் கீறிக்கொண்டு பின்னால் போனது. கடைசியில் இருபது பேரும் எழுந்துவிட்டார்கள்.

அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவசரப்படவில்லை. இருபதாவது முகம் வரை பார்த்து முடித்தாள்.

"சரி, உக்காருங்க," என்றாள். "எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

யாரும் உட்காரவில்லை.