பரவா

என் கடையில் எனக்குப் பிடிக்காத ஒரே சொல் 'பரவாயில்லை'. கண் பரிசோதிக்க வருகிறவரின் மூக்கில் சோதனை பிரேமை மாட்டி, லென்ஸைப் போட்டு, "இப்ப எப்படித் தெரியுது?" என்று கேட்பேன். "பரவாயில்ல" என்பார். தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். சொல்லக் கூச்சம், அவ்வளவுதான். 'பளிச்சுனு இருக்கு' என்று வாயிலிருந்து வரும்வரை விடமாட்டேன், லென்ஸை மாற்றிக்கொண்டே இருப்பேன்.

வீட்டில் மட்டும் அதே சொல்லைச் சோற்றோடு பிசைந்து மகளுக்கு ஊட்டினேன்.

மனைவி பெட்டியோடு வாசலில் நின்று என் முகத்தையே பார்த்தபோதும் நான் சொன்னது அதுதான். "பரவாயில்ல, போ." 'இரு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீம்பு. போய்விட்டாள். சில்லுவுக்கு அப்போது நாலு வயது. கண்ணாடிக் கடைக்காரன் தன் பெண்ணை வேறு எப்படிச் செல்லமாகக் கூப்பிடுவான்?

இவள் எதற்கும் உடையக் கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். விழுந்தால் பரவாயில்லை, தோற்றால் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்ன அம்மா வரவில்லையென்றாலும் பரவாயில்லை. ஒரு நாள் கேட்டாள்.

"பரவான்னா என்னப்பா?"

"அது ஒரு பூச்சி. இல்லன்னு சொல்லிட்டா கிட்டயே வராது."

உடனே டார்ச்சை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போனாள். "பரவா இல்லப்பா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. விழுந்து விழுந்து சிரித்தேன்.

அதற்கப்புறம் அவள் அழுது நான் பார்த்ததில்லை. "என் பொண்ணு கல்லு" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தேன். இப்போது அவளுக்கு எட்டு வயது.

போன சனிக்கிழமை மத்தியானம் அவளுடைய வகுப்பு டீச்சர் கண்ணாடி மாற்ற வந்தார். எழுத்துப் பலகையைப் பார்த்தபடியே பேசினார்.

"உங்க பொண்ணுக்கு என்ன தைரியம் சார்! கூட இருந்த ரெண்டு பேரும் 'எங்ககூட உக்காராதே'ன்னு ஒதுக்கிட்டாங்க. மூணு வாரமா குழாய்கிட்ட இருக்கிற படியில தனியா உக்காந்துதான் சாப்பிடறா. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. கேட்டா 'பரவாயில்ல மிஸ்'ங்கறா. எப்படி சார் இப்படி வளர்த்தீங்க?"

மூன்று வாரம். தினமும் அவள் டப்பாவைக் கழுவியவன் நான். ஸ்கூல் எப்படி என்று தினமும் கேட்டவனும் நான்தான். "பரவாயில்லப்பா" என்பாள். முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

எதையாவது கேட்க வேண்டுமே என்று லென்ஸை மாற்றிப் போட்டு, "இது எப்படி டீச்சர்?" என்றேன்.

"பரவாயில்ல சார்."

அவரைத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டு ஷட்டரை இழுத்து மூடினேன். கடைக்கு மேலேதான் வீடு. பன்னிரண்டு படி. ஏறிப் போனேன்.

சில்லு தரையில் பாம்பும் ஏணியும் ஆடிக்கொண்டிருந்தாள். அட்டையில் மூன்று காய்கள். மூன்று பேருக்கும் அவளே உருட்டினாள். அவளுடைய சிவப்புக் காய் எல்லோருக்கும் பின்னால் கிடந்தது. எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"உங்க டீச்சர் வந்திருந்தாங்க."

"ம்."

"தனியா உக்காந்து சாப்பிடறது கஷ்டமா இருக்கா சில்லு?"

"பரவாயில்லப்பா." தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

எனக்குத் தெரிந்தது என் தொழில் ஒன்றுதான்.

"அவசரமில்ல. நல்லாப் பாத்துச் சொல்லு. இப்ப எப்படித் தெரியுது?"

தாயக்கட்டையை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"பரவா இருக்குப்பா," என்றாள். "ரொம்பப் பெருசா இருக்கு."

அப்புறம் அழுதாள். நாலு வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள். மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். தேற்றுவதற்கு வாய்வரை வந்தது அந்தப் பாழாய்ப்போன ஒரே சொல்தான். பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

வெகுநேரம் கழித்து என் சட்டையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"உனக்கும் இருக்காப்பா?"

"இருக்கு."

"எப்பலேர்ந்து?"

நான் வாசலைப் பார்த்தேன். அவளும் திரும்பி வாசலைப் பார்த்தாள்.