தூக்கம் பார்க்கும் வாட்ச்

பெண் பார்க்கப் போனபோதுகூட தௌஹீத் இவ்வளவு யோசித்ததில்லை. ஓடும்போது கட்டிக்கொள்ள ஒரு வாட்ச் வாங்க, மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டான். ஐயாயிரத்தைத் தாண்டக் கூடாது என்பது மனைவி ஹஸ்னாவின் உத்தரவு.

“ஓடறதுக்கு காலு போதாதா? வாட்ச்சு இன்னாத்துக்கு?” என்றாள்.

போதாதே! தேர்வாய் கண்டிகையில் அவன் வேலை பார்த்த ரப்பர் கம்பெனியிலிருந்து மாரத்தானுக்கு ஓர் அணி போகிறது. இத்தனை வருட சர்வீஸில் ஒருநாளும் கைதட்டல் வாங்காதவன் அவன். அந்த அணியில் தன் பெயர் வந்தே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அணிக்கு ஆள் எடுக்கும் ஷைனி மேடமோ, வாட்ச்சில் பதிவானதைக் காட்டினால்தான் ஆச்சு என்றுவிட்டார்.

கும்மிடிப்பூண்டி கடைக்காரர் தங்க நிறத்தில் ஒன்றை நீட்டினார். அதில் போன் பேசலாம், பாட்டு கேட்கலாம். ஓடிய தூரம் தெரிய மட்டும் போனையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இன்னொன்று வெயிலில் அவன் முகத்தையே திருப்பிக் காட்டியது. கடைசியில் கறுப்பாக, சப்பையாக ஒன்று சிக்கியது. ஜி.பி.எஸ். உள்ளேயே இருந்தது, சார்ஜ் நாள்கணக்கில் நின்றது, வெயிலிலும் எழுத்து தெரிந்தது.

“தூக்கத்த கரெக்டா புடிச்சிடும் சார். சும்மா கண்ண மூடிக்கினு படுத்தா ஏமாறாது,” என்றார் கடைக்காரர்.

இந்த ஒரு பேச்சில் தௌஹீத் விழுந்துவிட்டான். மறுநாளே கேன்டீன் முழுக்கத் தம்பட்டம் அடித்தான்.

மெஷின் பக்கம் வாட்ச், மோதிரம் எதுவும் ஆகாது. கேட்டில் செக்யூரிட்டி அப்பாவுவிடம் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். பெட்டியில் போட்டால் மாறிப்போகும் என்பது அப்பாவுவின் கட்சி. அதனால் கொடுத்ததெல்லாம் அவர் உடம்பிலேயே இருக்கும்: மோதிரம் விரலில், வாட்ச் மணிக்கட்டில்.

“என் கைல கீதுன்னா பேங்க் லாக்கர்ல கீற மாதிரி, பாய்.”

காலையில் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓடினான். ஓடிய கணக்கை மட்டும் பார்த்துப் பூரித்தான், மற்றதைத் தொடவில்லை. பதிவைக் கொண்டுபோய்க் காட்டியபோது ஷைனி மேடம் எல்லாவற்றையும் பார்த்தார்.

“நல்லா ஓடறீங்க. ஆனா தினமும் மத்தியானம் ஆழ்ந்த தூக்கம்னு காட்டுதே. டியூட்டில தூங்கறீங்களா?”

தௌஹீத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏப்பம் விடக்கூட நேரமில்லாத ஷிப்ட்டில் தூக்கமா? திரும்பினால், கதவருகே கூரியர் பார்சலோடு அப்பாவு. அவர் முகத்தில் ஈயாடவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வாட்ச் யார் கையில் தூங்கியது என்று அவனுக்குப் புரிந்துபோனது.

உண்மையைச் சொன்னால் அணியில் இடம் உறுதி. அப்பாவுவின் வேலைக்கு வேட்டும் உறுதி. இந்த வயதில் அவரை வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்?

“டப்பா வாட்ச்சு மேடம். கழட்டி பெட்டில வெச்சாகூட தூங்கறேன்னு காட்டுது.”

“இதைத்தானே ஆகா ஓகோன்னு சொன்னீங்க?”

“காசு போட்டு வாங்கினவன் வேற இன்னா மேடம் சொல்லுவான்?”

“அப்போ ஓடினதை மட்டும் எப்படி நம்பறது? இன்னும் ஒரு வாரம் பார்க்கறேன்.”

பெற்ற பிள்ளையை ஊரார் முன்னால் திட்டியது போல அவனுக்கு நெஞ்சு வலித்தது. மறுநாள் கேட்டில் அப்பாவு வாட்ச்சை வாங்கி இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

அடுத்த வாரம் ஷைனி மேடம் மறுபடி கூப்பிட்டார்.

“இப்போ தூக்கமே இல்லை. மத்தியானம் முழுக்க நடந்துகிட்டே இருக்கீங்க. பெட்டிக்குள்ள இருக்கற வாட்ச் எப்படி தௌஹீத் நடக்கும்?”

மேடம் ஜன்னல் பக்கம் தலையசைத்தார். கொளுத்தும் வெயிலில், காம்பவுண்டு சுவரை ஒட்டி, கையை வீசி வீசி நடந்துகொண்டிருந்தார் அப்பாவு.

மேடம் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. “வாட்ச் நல்ல வாட்ச்தான். இப்போ யாரும் தூங்கலை, நான் என்னத்தைக் கேட்கறது?” என்று அணியில் தௌஹீத் பெயரைச் சேர்த்தார். ஓர் இடம் காலி இருந்தது. அதில் அப்பாவுவைப் போட்டார்.

சாயங்காலம் கேட்டில் வாட்ச்சைத் திருப்பிக் கொடுத்தபோது அப்பாவு அவன் கையை விடவில்லை. கண் கலங்கியிருந்தது.

“பாய், எனக்கும் ஐயாயிரத்துக்குள்ள ஒண்ணு பாரு,” என்றார். “தூக்கம் பாக்கறது மட்டும் வேணாம்.”