தயாவதி வீட்டு ஹோலி

ரோனில் கடலோடு போன பிறகு வந்த முதல் ஹோலி அது.

ஃபிஜித் தீவில், லௌடோகாவில் எங்கள் குடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டுக்குத்தான் பாட்டுக் கோஷ்டி முதலில் போகும். டோலக்கை மெதுவாகத் தட்டி, பிரிவைப் பற்றிய பாட்டு ஒன்றைப் பாடி, வீட்டார் நெற்றியில் ஒரு சிட்டிகை சாயப்பொடி வைப்பார்கள். அதோடு அந்த வீட்டுத் துக்கம் கழிந்தது. அப்புறம்தான் தெருவில் சிரிப்பும் தண்ணீர் வாரி ஊற்றலும். இதெல்லாம் தயாவதிக்குத் தெரியாததில்லை. மற்ற வருஷங்களில் பொடித்தட்டைத் தூக்கிக்கொண்டு கோஷ்டிக்கு முன்னால் நடந்தவளே அவள்தான்.

ரோனில் அவளுக்கு ஒரே பிள்ளை. பக்கத்து வீட்டு வைசாலேயோடு மீன் பிடிக்கப் போவான். வைசாலே ஃபிஜியின் பூர்வகுடி. படகு அவனுடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வேலியை ரோனில் தவழ்ந்த காலத்திலேயே பிடுங்கி எறிந்துவிட்டார்கள். வைசாலேயின் மனைவி சைனிமேரே ஹோலியன்று எங்களையெல்லாம்விட அதிகமாகச் சாயம் பூசிக்கொள்வாள். காதோரம் போகாத பச்சையோடு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்ப் போதகரிடம் திட்டு வாங்குவாள். அதையும் வந்து சிரித்துக்கொண்டே சொல்வாள்.

ஜூலை மாதம் ஒரு காலையில் இரண்டு ஆண்களும் கிளம்பினார்கள். காற்று திரும்பிவிட்டது. கவிழ்ந்த படகு யசாவா தீவுகள் பக்கம் கிடைத்தது. பல நாள் கழித்து வைசாலேயின் உடல் கரை ஒதுங்கியது. ரோனில் கிடைக்கவேயில்லை.

எரிக்க உடல் இல்லாததால் பண்டிதர் தர்ப்பையால் ஓர் உருவம் செய்தார். தயாவதியின் புருஷன் பிசுன் அதற்குக் கொள்ளி வைத்தார். தயாவதி வரவில்லை. "புல்ல எரிக்கிறதுக்கு நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழவுமில்லை. சைனிமேரேயோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள். சைனி கறுப்பு உடையோடு அவித்த மரவள்ளி கொண்டுவருவாள். இவள் வாங்கி வைப்பாள், வாய் திறக்க மாட்டாள். பையனைப் படகில் கூட்டிப் போனதற்கான கோபம் என்றுதான் எதிர்வீட்டுக்காரியான நான் நினைத்தேன்.

ஹோலியன்று காலையில் பிசுன் என் வாசலுக்கு வந்தார். "லோகம்மாக்கா, கோஷ்டி வந்துக்கிட்டு இருக்கு. அவ அடுப்படிய விட்டு எந்திரிக்க மாட்டேங்கறா. நீங்க சொன்னா கேப்பா."

நான் அவள் அடுப்படிக்குள் நுழைவதற்குள் கோஷ்டி வாசலுக்கு வந்துவிட்டது. கோஷ்டித் தலைவர் ராம் லகன் வெளியிலிருந்து குரல் கொடுத்தார். "தயா மருமகளே, கதவத் தெறம்மா. கெழவன் எவ்வளவு நேரம் வெயில்ல நிப்பேன்? ஒரே வருசத்துல ரெண்டு துக்கம் தாங்காது ஒனக்கு."

யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

"போகச் சொல்லுங்க," என்றாள் தயாவதி. "இந்த வீட்டுல யாரும் சாகல."

"தயா, தெருவே வாசல்ல நிக்குது," என்றார் பிசுன்.

"நிக்கட்டும். நெத்தியில பொடி வச்சா, அவன் செத்துட்டான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. நீங்க வேணா வச்சுக்குங்க. புல்லுக்குக் கொள்ளி வச்ச ஆளுதானே?"

பிசுன் முன்கட்டுக்குப் போய்விட்டார். அப்போதுதான் பின்வாசல் வழியாகச் சைனிமேரே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"தயாக்கா, துக்கம் முடிச்சுக் கறுப்புத் துணி மாத்துற சடங்கு எப்பவோ செஞ்சிருக்கணும். நான்தான் தள்ளிப் போட்டுக்கிட்டே வர்றேன்."

"ஏன்? ஒனக்கென்ன கொறை?" தயாவதி திரும்பினாள். அத்தனை மாதமும் அடக்கி வைத்தது வெளியே வந்தது. "ஒன் புருசன் ஒனக்குக் கெடைச்சான். கல்லறை இருக்கு, போய்க் கட்டிப் புடிச்சு அழலாம். எனக்கு எங்கடி இருக்கு?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவளுக்கு இருந்தது கோபமில்லை, பொறாமை.

சைனி குரலைத் தாழ்த்தினாள். "சவப்பெட்டியத் தெறக்க விடலக்கா. மொகமே இல்ல, பாக்காதேன்னாங்க. பெல்ட்ட மட்டும் கொண்டாந்து காட்டினாங்க. ஆமா, அவருதுன்னு தலையாட்டிட்டேன். அந்த மாதிரி ரெண்டு பெல்ட்டு வாங்கினேன் நான், கிறிஸ்துமஸுக்கு. ஒண்ணு அவருக்கு. ஒண்ணு ரோனிலுக்கு."

தயாவதி கையிலிருந்த கரித்துணி கீழே விழுந்தது.

"அடக்கம் முடிஞ்ச பெறகுதான் எனக்கு நெனப்பு வந்துச்சு. ஒசரமும் ரெண்டு பேரும் ஒண்ணுதான். அங்க யாரு படுத்திருக்கான்னு எனக்குத் தெரியாதுக்கா. சொன்னா அதையும் எடுத்துக்கிட்டுப் போயிருவாங்களோன்னு பயந்தேன். இப்ப சொல்றேன். தோண்டிப் பாக்கச் சொல்லு. ரோனிலா இருந்தா நீ கொண்டு போயி ஒங்க மொறைப்படி செய்யி."

வெளியே டோலக் ஓய்ந்திருந்தது. தயாவதி அவளையே பார்த்தாள்.

"அப்ப ஒனக்கு?"

சைனி கீழே கிடந்த கரித்துணியை எடுத்து மடித்து வைத்தாள்.

"வேணாம்," என்றாள் தயாவதி. "வேணாம் சைனி. யாரா இருந்தாலும் அங்கயே இருக்கட்டும்."

எழுந்து முகம் கழுவினாள். கதவைத் திறந்து ராம் லகனின் கையிலிருந்த பொடித்தட்டை வாங்கிக்கொண்டாள். "இங்க வேணாம் மாமா. வைசாலே கல்லறைக்குப் போவோம். அங்க பாடுங்க."

பெரியவர் தயங்கினார். "சர்ச்சு எடமாச்சேம்மா. நாம டோலக்கோட போனா..."

"என் வீட்டு ஆளு படுத்திருக்குற எடம்," என்றாள் பின்னால் வந்த சைனி. "நான் கூப்புடுறேன், வாங்க."

இரண்டு வீட்டு ஆண்களும் சேர்ந்து போனவர்கள் என்பதால், தெருவில் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. மழை பெய்து புல் முழங்கால் உயரம் நின்ற மயானத்தில் கோஷ்டி உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் பாடியது. தயாவதி ஒரு சிட்டிகை சிவப்பை எடுத்து அந்தச் சிமெண்டு மேட்டின் தலைமாட்டில் வைத்தாள். அப்புறம் பிசுன் நெற்றியில். அப்புறம் சைனியின் நெற்றியில். அவள் நெற்றியில் சைனி வைத்தாள். பொடி மூக்கில் கொட்டியது. பின்னால் தயாவதி பிசுனிடம் என்ன சொன்னாள், சொன்னாளா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

ஈஸ்டர் கழிந்து சைனி கறுப்பை மாற்றினாள். அதற்குப் பிறகு ஞாயிறு தோறும் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் அந்த இடத்துக்குப் போனார்கள். ஒருத்தி ஜெபம் செய்வாள், ஒருத்தி ஊதுபத்தி ஏற்றுவாள். அவர்கள் இருந்தவரை நான் இதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஹோலியன்று மதியத்துக்கு மேல்தான் தெருவில் தண்ணீர் விளையாட்டு ஆரம்பித்தது. அவர்கள் இருவரும் அதற்கு வரவில்லை. பலகாரத் தட்டோடு நான் பின்பக்கமாகப் போனபோது தயாவதி படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பிள்ளை போனதிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். சைனி அவள் முதுகில் கை வைத்திருந்தாள். முன் தெருவில் யாரோ வாளித் தண்ணீரை யார்மேலோ கொட்டிவிட்டு ஓடும் சத்தம் கேட்டது. தட்டைத் திண்டில் வைத்துவிட்டு நான் திரும்பி வந்துவிட்டேன்.