முதல் தேங்காயும் பிள்ளைத்தாச்சி மருந்தும்

பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மாரியம்மன் திருவிழாவின் முதல் தேங்காயை உடைப்பது வீரய்யா குடும்பத்தின் உரிமை. தாத்தா உடைத்தார், அப்பா உடைத்தார், இப்போது அவர். தோட்டத்துக்குத் துரைமார் மாறலாம். தேங்காய்க்குக் கை மாறாது.

2009இல், திருவிழா நெருங்கும் வேளையில், அவருக்கு இதயம் சோர்ந்து, நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு முட்டியது. மனைவி நாகலெட்சுமியும் வீரய்யாவின் தாய்மாமன் சோலைமலையும் வேனில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள்.

டொக்டர் கஜனி யாழ்ப்பாணத்துப் பெண், பொறுமையாக விளக்கினார்.

"ஐயா, இது இன்னும் பரிசோதனையில இருக்கிற மருந்து. கர்ப்பிணிப் பெண்களின்ர உடம்பில சுரக்கிற ஒரு ஹோர்மோன். இரத்தக் குழாயை விரிச்சு இதயத்தின்ர பாரத்தைக் குறைக்குமோ எண்டு பாக்கிறம். விருப்பமெண்டால் மட்டும் சம்மதியுங்கோ."

மூச்சிரைப்பிலும் வீரய்யாவின் கை மீசைக்குப் போனது. "புள்ளத்தாச்சி மருந்தா? எங்க பரம்பரையில ஒரு ஆம்பளயும்..."

"ஒங்க பரம்பரையில ஒருத்தருக்கும் மூச்சே தேவப்படலயா?" என்றாள் நாகலெட்சுமி. "சரின்னு சொல்லுங்க."

சொன்னார். மருந்து சொட்டுச் சொட்டாக ஏறியது. மூச்சும் மெல்ல வழிக்கு வந்தது. அது புது மருந்தாலா, நீர் இறக்கும் ஊசியாலா என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் டொக்டர். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட சோலைமலைக்கோ, அந்த முதல் தேங்காய்மேல் நெடுநாளாக ஒரு கண்.

திருவிழாவன்று, தேறித் தோட்டத்துக்குத் திரும்பியிருந்த வீரய்யாவிடம் பூசாரி தேங்காயை நீட்டியபோது சோலைமலை குறுக்கே வந்து நின்றார்.

"மாப்ள, புள்ளத்தாச்சி தேங்கா ஒடைக்கக் கூடாதுங்கிறது நம்ம வழக்கம். ஒங்க ஒடம்புல ஓடுறது புள்ளத்தாச்சி மருந்து. எங்கிட்ட குடுத்துருங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பூசாரியின் கை அந்தரத்தில் நின்றது. வீரய்யாவுக்குக் காது சூடேறியது. அப்படி ஒரு மருந்தே ஏற்றவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அம்மன் முன்னால் பொய் சொல்லிவிட்டு உடைக்கும் தேங்காய் என்ன தேங்காய்? முதுகை நிமிர்த்தினார்.

"ஆமா மாமா, ஏத்துனாங்க. நான் புள்ளத்தாச்சின்னே வச்சுக்குவோம். அப்ப வளைகாப்பு? தாய்மாமன் சீர் நீங்கதான கொண்டாரணும்? ஏழு வகைச் சோறு, கை நெறைய வளையல், பட்டுச் சீல, தோட்டம் பூரா பந்தி. எப்ப வர்றீங்க?"

"பட்டு ஊதாக் கலர்ல எடுங்க மாமா," என்றாள் நாகலெட்சுமி. "இவரு நெறத்துக்கு அதான் எடுக்கும்."

சோலைமலை வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டார். "இல்ல... மருந்து இந்நேரம் எறங்கியிருக்கும். நீங்களே ஒடைங்க மாப்ள."

தேங்காய் இரண்டாகப் பிளந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். அது அம்மனுக்கா, தனக்கா என்று கேட்க வீரய்யாவுக்குத் துணிவு வரவில்லை.