அக்கா வண்டிக்கு மட்டும்

"டீசல் இல்லக்கா" என்று லோகேஷ் இரண்டாவது முறையாகச் சொன்னபோதுதான் மதிவதனிக்கு உறுத்தியது.

வெள்ளானூர் ரோட்டில் இருந்த அந்தப் பெட்ரோல் பங்கில் அவள் தம்பி லோகேஷ் சூப்பர்வைசர். முகப்பேரிலிருந்து ஆவடி இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போய்வரும் மதிவதனி, கார் வாங்கிய நாளிலிருந்து அவனிடம்தான் டீசல் போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா வண்டி வந்தால் அவன் பைப்பை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டான். கேட்காமலே முன் கண்ணாடியைத் துடைத்துவிடுவான். அப்படிப்பட்டவன், மழை ஓய்ந்ததிலிருந்து, கார் உள்ளே திரும்பும்போதே ஓடிவந்து கையை ஆட்டி மறித்தான்.

"லோடு இன்னும் வர்லக்கா. நீ அம்பத்தூர்லயே போட்டுக்கோ."

காரைத் திருப்பி ரோட்டில் ஏற்றும்போது பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் வந்த ஸ்கூல் வேன் டீசல் பம்ப் அருகில் போய் நின்றது. லோகேஷ்தான் அதன் மூடியைத் திறந்து பைப்பைச் செருகினான்.

அன்றைக்கு வீட்டில் அவள் இதைச் சொல்லவில்லை. சொன்னால் கணவன் உதயகுமார் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். தேனிப் பக்கத்திலிருந்து வேலைக்காகச் சென்னை வந்தவன் அவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஐ.டி. கம்பெனியில் இருந்தான். யாரையும் சட்டென்று நம்பிவிட மாட்டான். ஊருக்குப் புதிதாக வந்தபோது நிறையப் பேர் ஏமாற்றிவிட்டார்கள் என்பது அவன் காரணம்.

லோகேஷுக்கு வாரலீவு என்று தெரியாமல் ஒருநாள் அந்தப் பங்குக்குப் போனாள். அங்கிருந்த பையன் எதுவும் பேசாமல் டீசல் போட்டுவிட்டான். அந்த வாரமே கார் சிக்னலில் நின்று கிளம்பும்போது குலுங்க ஆரம்பித்தது. மிதித்தால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. அப்போதுதான் உதயகுமாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இல்லன்னு சொல்லிட்டு அடுத்த வண்டிக்குப் போட்டானா?" உதயகுமார் லேப்டாப்பை மூடினான். "உன் தம்பி என்னமோ மறைக்கிறான், மதி. மீட்டர்ல ஏதாவது பண்றான். நாம பக்கத்துல நின்னா கண்டுபிடிச்சிடுவோம்னு பயம். புது பைக் எப்படி வந்துச்சுன்னு நினைக்கிற?"

"லோன்ல வாங்குனான்."

"அவன் சொன்னான். நீ பார்த்தியா?"

லோன் பேப்பர் எதையும் அவள் பார்த்ததில்லை. அதுதான் அவளுக்குக் கோபத்தை வரவழைத்தது. தம்பியைப் பற்றி இப்படியொரு கேள்விக்குத் தன்னிடம் பதில் இல்லாமல் போகும் என்று அவள் நினைத்ததே இல்லை.

உதயகுமார் வீடியோக்களைப் பார்த்து, டீசலில் ஊற்றுகிற மருந்து பாட்டில்கள் சிலவற்றை ஆன்லைனில் வரவழைத்தான். இன்ஜின் சுத்தமாகும், தண்ணீர் இருந்தாலும் பிரச்சினை இல்லை என்று அட்டையில் போட்டிருந்தது. ஒன்றை ஊற்றினான். குலுங்கல் குறைந்தது. இரண்டு நாள் அவன் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் மகள் பவ்யாவுக்குச் செஸ் போட்டி. வெள்ளானூரில் மதிவதனியின் அம்மாவைப் பார்த்துவிட்டு, அப்படியே வெளிவட்டச் சாலை வழியாகப் போய்விடலாம் என்று கிளம்பினார்கள். பங்கைப் பார்த்ததும் உதயகுமார் வண்டியை உள்ளே திருப்பினான்.

"வேணாங்க" என்றாள் மதிவதனி.

"இன்னைக்கு என்ன சொல்றான்னு பாப்போம்."

லோகேஷ் வழக்கம்போல ஓடிவந்தான். ஆனால் அவன் வாயைத் திறப்பதற்குள், ஆபீஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த முதலாளி அழகேசன் எழுந்து வந்துவிட்டார்.

"இன்னாம்மா, ரொம்ப நாளா ஆளையே காணும்? டேய் லோகேசு, அக்கா வண்டிக்கு ஃபுல் அடிடா."

லோகேஷ் பைப்பை எடுத்தான். கொஞ்சம் போட்டதும் நிறுத்தினான்.

"இன்னாடா நிறுத்திட்ட? ஃபுல் பண்ணுன்னேன்ல."

லோகேஷ் மறுபடி பைப்பை அழுத்தினான். மதிவதனி ஜன்னல் வழியாக அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. உதயகுமார் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மீட்டரில் ஒரு குறையும் இல்லை. கடைசியில் இறங்கிப் போய், டிக்கியிலிருந்த மருந்து பாட்டிலைத் திறந்து டேங்கில் ஊற்றினான்.

"மாமா, அதெல்லாம் ஊத்தாதீங்க" என்றான் லோகேஷ் மெல்ல.

"ஏன், உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிடுமா?"

லோகேஷ் மூடியை மூடினான்.

வெளிவட்டச் சாலையில் நெமிலிச்சேரியைத் தாண்டியதும் கார் ஒருமுறை உதறியது. பிறகு இன்ஜின் அணைந்தது. ஸ்டியரிங் இறுகிப்போனது. பின்னால் வந்த லாரி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு, உரசுகிற தூரத்தில் விலகிப் போனது. அதன் காற்றில் கார் ஆடியது. உதயகுமார் எப்படியோ இழுத்து ஓரத்தில் நிறுத்தினான். பவ்யா அழவில்லை, "அப்பா, இறங்கலாம்ப்பா, இறங்கலாம்ப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். கம்பித் தடுப்பைத் தாண்டி மூவரும் புல்லில் போய் நின்றார்கள்.

கட்டி இழுத்து வந்த காரை, அம்பத்தூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் முகமது ஆசிக் மறுநாள் பிரித்துப் பார்த்தான். டேங்கிலிருந்து இறக்கிய டீசலை ஒரு வாட்டர் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினான். தெளிவாக இல்லை, சோறு வடித்த கஞ்சி மாதிரி கலங்கியிருந்தது.

"தண்ணி சார். தனியா இருந்தா ஃபில்டர்ல தங்கி, டேஷ்போர்டுல லைட் எரிஞ்சிருக்கும். நீங்க ஊத்துன மருந்து தண்ணியையும் டீசலையும் ஒண்ணாக் கலக்கிவிட்டுடுச்சு. நேரா டீசல் பீச்சுற இன்ஜெக்டருக்குப் போயிடுச்சு. எல்லாத்தையும் மாத்தணும்."

"அப்ப மருந்துதான் காரணமா?"

"மருந்து வழிவிட்டுச்சு. தண்ணி எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாருங்க."

வெளியே வந்ததும் உதயகுமார் குரலைத் தாழ்த்தினான். "போன மாசம் இவன்தானே சர்வீஸ் பண்ணான்? வேலை கிடைக்கணும்னு இவனே எதையாவது கலந்திருந்தா?"

"இன்னும் யாரை விட்டு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள் மதிவதனி. உள்ளே போய், அந்தப் பாட்டிலை ஆசிக்கிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே வெள்ளானூருக்குப் பஸ் ஏறினாள். வீட்டில் லோகேஷ் அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தான்.

"இன்னாக்கா, திடீர்னு?"

பாட்டிலை டி.வி. பக்கத்தில் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான். என்ன அது என்று கேட்கவில்லை. அது போதுமாயிருந்தது அவளுக்கு.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மழைக்கப்புறம்." தலையைத் துவட்டிய துண்டு அவன் கையிலேயே இருந்தது. "தரைக்கு அடியில கீற டேங்குல தண்ணி எறங்கிடுச்சி. மொதலாளிகிட்ட சொன்னேன். கொஞ்சம் எறச்சாரு. மூடி வெச்சி சுத்தம் பண்ணா யாவாரம் பூடும்னாரு."

"என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னா மாமா சும்மா இருப்பாரா? கம்ப்ளைன்ட் குடுப்பாரு, எனக்கு வேல பூடும். அதான் உன் வண்டிக்கு மட்டும் போடக் கூடாதுன்னு…"

"அன்னிக்கு என் பின்னால ஒரு ஸ்கூல் வேன் நின்னுது."

லோகேஷ் துண்டைக் கொடியில் போட்டான்.

"அந்தப் பசங்களுக்கு உங்க பங்க்ல மாமன் யாரும் இல்ல. அதனாலதானே?"

சமையலறையிலிருந்து அவன் மனைவி பேபி வந்து நின்றாள். "அவர ஏன் அண்ணி கேக்கறீங்க? போய் மொதலாளிய கேளுங்க."

"கேக்கத்தான் போறோம்" என்று மதிவதனி பாட்டிலை எடுத்துக்கொண்டாள்.

உதயகுமார் எண்ணெய் கம்பெனிக்குப் புகார் அனுப்பினான். சில நாட்களில் அதிகாரி ஒருவர் பங்குக்கு வந்தார். புகார் கொடுத்தவர்கள் என்று இவர்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். அழகேசன் பதறவே இல்லை. எல்லோருக்கும் மோர் வரவழைத்தார்.

"டேங்க தெனம் செக் பண்றது சூப்பர்வைசர் வேல சார். இவன்தான் ஒண்ணும் இல்ல, எல்லாம் சரியா கீதுன்னான். தண்ணி கீதுன்னு என்கிட்ட எப்ப சார் சொன்னான்?"

"சொன்னேன் மொதலாளி" என்றான் லோகேஷ்.

"யாரு முன்னால சொன்ன?"

லோகேஷ் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். மதிவதனிக்குச் சந்தேகம் தட்டியது. சொல்லியிருப்பானா? டீசல் இல்லை என்று தன் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னவன்தானே? அவள் கண்ணில் அதைப் படித்துவிட்டவன் போல அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதிகாரி, தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசையைத் தடவிய நீளக் கம்பியை டேங்குக்குள் இறக்கி எடுத்தார். பசை நிறம் மாறவில்லை. முந்தின நாள்தான் புது லோடு வந்திருந்தது. அழகேசன் மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சார்" என்றான் லோகேஷ். "அந்தப் பக்கம் இன்னொரு மூடி கீது. டேங்கு அந்தாண்டதான் சாஞ்சிகினு கீது. அங்க வுட்டுப் பாருங்க."

"டேய்!" என்றார் அழகேசன்.

லோகேஷே போய் மேலே கிடந்த ரப்பர் விரிப்பை இழுத்துப் போட்டான். அங்கே இறக்கிய கம்பியின் அடியில், ஒரு சாண் உயரத்துக்குப் பசை சிவந்திருந்தது.

"நானும் தெரிஞ்சிகினேதான் சார் வண்டிங்களுக்கு அடிச்சேன்" என்றான். "அதையும் எழுதிக்கோங்க."

டீசல் பம்புகளுக்குச் சீல் வைத்தார்கள். அழகேசன் அங்கேயே, எல்லோர் முன்னாலும், லோகேஷை இனி உள்ளே வரக் கூடாது என்றார். அவன் சட்டைப் பையிலிருந்த சாவிகளை மேசைமேல் வைத்துவிட்டு ரோட்டுக்கு நடந்தான்.

கார் இன்னும் ஒர்க்‌ஷாப்பில் இருந்ததால் இவர்கள் ஆட்டோவில்தான் வந்திருந்தார்கள். ஆட்டோ அவன் பக்கத்தில் போய் நின்றது.

"ஏறு மாப்ள" என்றான் உதயகுமார்.

"எம்மேல கோவமா மாமா?"

"கோவம்தான். ஏறு."

லோகேஷ் ஒடுங்கி உட்கார்ந்தான். ஆட்டோ ஆவடியைத் தாண்டியது. மதிவதனிக்கு அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும் போலவும் இருந்தது. கடைசியில் கேட்டேவிட்டாள்.

"எங்க வண்டி நடுரோட்ல நின்னிருக்கலன்னா சொல்லியிருப்பியா?"

லோகேஷ் ஆட்டோவின் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"தெரிலக்கா" என்றான்.